தாத்தாவின் நோட்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாராக (ஜெபம் நடத்தி, மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவராக) இருந்த எங்கள் தாத்தா, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த குடும்பங்களின் பெயர்களையும், யாருக்கு எத்தனை படி அரிசி, எந்த வீட்டில் யாருக்காக ஜெபமாலை என்பதையும், தம் பிள்ளைகளின் பிறந்த தேதிகளுக்கு நடுவிலேயே மைப்பேனாவால் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு என்று அவர் பிரித்ததே இல்லை; பாட்டிக்கு அதில் வருத்தம் உண்டு.

உப்புக் காற்றில் நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஓரத்தைத் தொட்டாலே உதிர்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் அதை ஸ்கேன் செய்து, அந்தக் குடும்பங்களின் வாரிசுகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க விரும்புகிறோம். ஒட்டிய தாள்களைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் மதுரை, இராமநாதபுரம் பக்கம் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். அதுவரை நோட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.