புதுப்பிப்பு: உரக்கடையில் ஜப்பானிய மொழி

மன்னார்குடியில் உரக்கடையைப் பார்த்துக்கொண்டே ஜப்பானிய மொழி படிக்க நேரம் எங்கே என்று முன்பு கேட்டிருந்தேன். "விடியற்காலையில் படிங்க" என்றீர்கள். சரிப்படவில்லை; மேட்டூர் திறந்துவிட்டால் விடியும்போதே ஆள் வந்துவிடும். மதியம் கடை ஓய்ந்த நேரம்தான் வாய்த்தது. ஹிராகனா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்துமுறையின் 46 எழுத்தையும் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதியே பழகினேன். இலக்கணம் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை: வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். சீனத்திலிருந்து வந்த கஞ்ஜி எழுத்துகள்தான் உயிரை வாங்குகின்றன.

ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஜூலை குறுவை நேரம், நினைத்தே பார்க்க முடியாது. டிசம்பரில் அதன் தொடக்க நிலையான என்5 எழுதலாம் என்றிருக்கிறேன். அதில் கேட்டல் உண்டு, பேச்சுத் தேர்வு கிடையாது. பேசிப் பழகச் சொன்ன அண்ணன் மன்னிக்கவும், அது அப்புறம்.