புதுப்பிப்பு: பாட்டி வரிசையில் ஏழு படங்கள் முடிந்தன

பாட்டியோடு கழிந்த கடைசி மாதங்களை டிஜிட்டல் ஓவியங்களாக வரைகிறேன், ஆனால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதில் ஏழு முடிந்துவிட்டன. நிறங்களைக் குறைக்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. இப்போது எல்லாப் படங்களுக்கும் அதே ஐந்து நிறங்கள், ஒரே பிரஷ். நிழலுக்கு மட்டும் தனி லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) போட்டு மல்டிப்ளை மோடில் வைக்கிறேன், அதனால் கீழே இருக்கும் நிறம் மறையாமல் கருமை மட்டும் ஏறுகிறது.

மூன்றாவது படம்தான் ரொம்ப நாள் இழுத்தது. போர்வைக்கு வெளியே பாட்டியின் கை, மோதிரம் கழற்றிய விரலில் வெளிறிய தடம். முதலில் முகத்தையும் சேர்த்து வரைந்தேன், அழுகை வந்ததே தவிர படம் வரவில்லை. முகத்தை எடுத்துவிட்டுக் கையை மட்டும் பெரிதாக வைத்ததும் அந்த அறையே திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் ஒன்று, அச்சிடும் எண்ணம் இருந்தால் ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 2480-க்கு 3508 பிக்சலில் தொடங்குங்கள். முதல் இரண்டையும் சின்னதாக வரைந்துவிட்டேன், பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கியது, மறுபடி முழுக்க வரைய வேண்டியதாயிற்று.

எட்டாவது, காலி நாற்காலி. அதை இன்னும் தொடவில்லை.