மறு: கம்ப்ரஷன் டெஸ்ட் – அழுத்தச் சோதனையா, அமுக்கச் சோதனையா?

> கேஜில் பார்ப்பது அழுத்தத்தைத்தானே? ‘அழுத்தச் சோதனை’ போதாதா?

போதாது ஐயா. எஞ்சின் சிலிண்டர் காற்றை எவ்வளவு நன்றாக அடக்கிப் பிடிக்கிறது என்று கேஜ் (அழுத்தம் காட்டும் முள்மானி) மாட்டிப் பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட்; பட்டறைக் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்பதுதானே கேள்வி. ரேடியேட்டரில் காற்றடித்துக் கசிவு பார்க்கிறோமே, அதுவும் அழுத்தச் சோதனைதான். ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் படிப்பவர் எதைக் கழற்றுவார்?

‘அமுக்கச் சோதனை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றாலே பிரஷர். இங்கே காற்றழுத்தத் தாழ்வு என்பதை அங்கே தாழமுக்கம் என்பார்கள். ஆக, சுற்றி வந்து அதே இடத்தில் நிற்போம். ‘இறுக்கச் சோதனை’ என்றால் ஹெட் போல்ட்டை டார்க் ரென்ச் வைத்துப் பார்ப்பது என்றுதான் நானே நினைப்பேன். ‘சுருக்கம்’ கணினிக்காரர்கள் கோப்புகளுக்கு எடுத்துக்கொண்டாயிற்று.

சொல்லைத் தேடும் முன் வேலையை ஒருமுறை பார்த்துவிடலாம். எஞ்சினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, டீசல் பீய்ச்சாதபடி துண்டித்து, குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் க்ளோ பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஒரு துளையில் அடாப்டரோடு கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றவிடுகிறோம். டீசலில் பெரும்பாலும் 20 முதல் 35 பார் (அழுத்த அலகு) வரை ஏறும்; பெட்ரோல் வண்டிக்கான கேஜ் தாங்காது. பேட்டரி சோர்ந்திருந்தால் சுற்றும் வேகம் குறைந்து, நல்ல சிலிண்டர்கூட நோயாளி போலத் தெரியும். இதில் ஏமாந்து எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

இப்போது முள்ளைக் கவனியுங்கள். நல்ல சிலிண்டரில் முதல் துள்ளலிலேயே பாதிக்கு மேல் போய், அடுத்த சில துள்ளல்களில் உச்சத்தில் நின்றுவிடும். மூன்றாவது சிலிண்டர் மட்டும் 8, 13, 17, 20, 22 என்று படியேறி நிற்கிறது, மற்றவை 30-ஐ ஒட்டி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் தேய்ந்ததன் நடை அது. வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் முதலிலும் தாழ்வு, அப்புறமும் பெரிதாக ஏறாது. அடுத்தடுத்த சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து விழுந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம்.

முள் கடைசியில் நின்ற எண் அழுத்தம். அது ஏறிய விதத்தில்தான் சிலிண்டர் காற்றை நெருக்கிப் பிடித்துவைக்கிறதா, நழுவவிடுகிறதா என்பது தெரிகிறது. செயலுக்கும் எண்ணுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது இதனால்தான். என் பரிந்துரை: நெருக்கல். ஒலியலையில் காற்று நெருங்கும் இடத்தை நெருக்கம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நெருக்கல் வீச்சு (கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்), நெருக்கல் விகிதம் (கம்ப்ரஷன் ரேஷியோ), நெருக்கல் அழுத்தம் என்று குடும்பமாகவும் வளரும். இலங்கையில் நெருக்கல் அமுக்கம் என்று சொல்லிக்கொள்ளட்டும்; முதல் பாதி மாறாது.

விகிதத்தையும் அழுத்தத்தையும் பலர் குழப்பிக்கொள்வதற்கும் இது மருந்தாகும். விகிதம் 20 என்றால், அதாவது காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால், கேஜில் 20 பார்தான் வர வேண்டும் என்பதில்லை. நெருக்கும்போது காற்று சூடாகிறது. அதனால் முள் அதற்கு மேலும் போகும். அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. நெருக்கல் குறைந்த எஞ்சின் குளிர்காலையில் வெள்ளைப் புகை விட்டு அடம்பிடிப்பதும் இதனால்தான்.

> நெருக்கம் என்றால் காதல் கவிதை மாதிரி இருக்கிறதே?

அதற்காகத்தான் நெருக்கல் என்றேன்!

> சிலிண்டரில் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பதை ‘ஈரச் சோதனை’ எனலாமா?

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் பகுதியில் மட்டும் போடுங்கள். டீசலில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் மிகச் சிறியது. எண்ணெய் அதில் பாதியை அடைத்துக்கொண்டால் முள் பொய்யாக ஏறும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் போச்சு: திரவத்தை நெருக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். டீசலுக்குக் கசிவுச் சோதனைதான் சரி. பிஸ்டனை மேலே நிறுத்தி, காற்றடித்து, எங்கே சீறுகிறது என்று காது கொடுக்கிறோம். எண்ணெய் ஊற்றும் மூடியருகே சீறினால் ரிங், சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இலக்கணப்படி ‘நெருக்கற்சோதனை’ என்று புணர வேண்டும். பட்டறையில் படிக்கப்போகிறவருக்காக ‘நெருக்கல் சோதனை’ என்றே பிரித்து எழுதியிருக்கிறேன். சந்தி பார்ப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.