நீருக்குள் ஒலி விட்டு மணல் பார்த்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நந்திக்கரை:
மாரி மழையில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பு (கடலோரக் காயல்) நிரம்பினால் வட்டுவாகல் பக்கம் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். களப்புத் தண்ணீர் கடலுக்குப் பாயும்போது மணலும் சேறும் கூடவே போகும். அதை ஒலியால் அளக்க வந்த ஒரு ஆய்வுக் குழுவுக்கு உதவிக்குப் போயிருந்தேன்.

கருவியை இரும்புச் சட்டத்தில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம். 1, 2, 4 மெகாஹேர்ட்ஸ் என்று மூன்று அதிர்வெண்களில் குட்டிக் குட்டி ஒலித்துடிப்புகளைக் கீழ்நோக்கி விடும். மிதக்கும் துகளில் பட்டு ஒலி திரும்பிவர எடுக்கும் நேரம், துகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும். நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போகும் என்பதால் கணக்கு சுலபம்.

எவ்வளவு மணல் என்பதை எதிரொலியின் பலத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். சிக்கல் அதில்தான். 1 மெகாஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 1.5 மில்லிமீற்றர். மணல்மணி அதைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை, நீரில் உள்ள மணலின் மொத்த எடை மாறாமல் மணியின் விட்டம் மட்டும் இரட்டித்தால் திரும்பும் சக்தி 8 மடங்காகிவிடும். திரையில் பளிச்சென்று தெரிவது நிறையப் பொடிமணலா, கொஞ்சம் பருமணலா? ஒரு அதிர்வெண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. மூன்றையும் ஒப்பிட்டால்தான் மணியின் அளவு பிடிபடும்.

அப்புறம், மேல்மட்டத்தில் மிகப் பலமான எதிரொலி வந்தது. எல்லோரும் மணல் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். வள்ளம் ஓட்டிய ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அலை உடையிற இடத்தில நிக்கிறம். அது நுரை" என்றார். உண்மைதான், காற்றுக்குமிழி ஒலியை மணலைவிடப் பலமாகத் திருப்பும். போத்தலில் அள்ளிய நீரை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தபோது அங்கே மணல் மிகக் குறைவு. அந்த ஐயாவின் கண்ணையும் இந்தப் போத்தல்களையும் நான் கருவிக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

குளத்தடியான்:
நான் பார்த்தது மிதக்கும் மணல் இல்லை, படிந்த சேறு. கிளிநொச்சிப் பக்கம் ஒரு குளத்தில் இரண்டு அதிர்வெண் ஆழமானியோடு வள்ளத்தில் போனோம். 200 கிலோஹேர்ட்ஸ் மென்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 கிலோஹேர்ட்ஸ் சேற்றுக்குள் இறங்கி, கீழே இறுகிய மண்ணில் பட்டு வரும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பது காலங்காலமாக மழை கொண்டுவந்து சேர்த்த வண்டல். அணைக்கட்டுப் பக்கம் அந்த இடைவெளி அகன்றுகொண்டே போனதைப் பார்க்க வயிறு கலங்கியது. அத்தனையும் பயிருக்குத் தண்ணீர் நிற்க வேண்டிய இடம். நாங்களும் தடி குத்திப் பார்த்துத்தான் சேற்றின் தடிப்பை உறுதிப்படுத்தினோம்.

மாத்தளன் கடலோடி:
எங்களிடம் இருப்பது மீன் பார்க்கிற கருவி மட்டும்தான். வெள்ளம் கடலில் இறங்கும் நாட்களில் ஆற்றுவாய்க்கு வெளியே திரை முழுக்கப் புகைமூட்டமாக வரும். மீன்கூட்டம் என்று நம்பி வலை போட்டால் சருகும் சேறும்தான் ஏறும். சரி, ஒரு கேள்வி. இந்த ஒலி இறாலை விரட்டாதா? களப்பில் இறால்தான் எங்கள் சனத்துக்குச் சோறு.

நந்திக்கரை:
அண்ணை, நியாயமான கேள்வி. அங்கே வலை போட்டவர்களும் இதையேதான் முதலில் கேட்டார்கள். இறால் உணர்வது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை. மெகாஹேர்ட்ஸ் அதற்கு எட்டாத உயரம். அதிலும் 4 மெகாஹேர்ட்ஸ் ஒலி சில மீற்றர்களிலேயே நீருக்குள் அடங்கிவிடும். வள்ளத்து மோட்டர் சத்தம்தான் இறாலுக்கு நன்றாகக் கேட்கும். நாங்கள் மோட்டரை நிறுத்தி, நங்கூரம் போட்டுத்தான் அளந்தோம்.