நீண்ட பயணத்தில் விமானியின் தூக்கம்: பார்த்ததும் பட்டதும்

துணை விமானி ஒருவர்:

பெரிய விமானங்களில் விமானிகள் படுப்பதற்கென்று தனி அறை உண்டு. நான் ஓட்டும் போயிங் 777 விமானத்தில் அது பயணிகள் பகுதியின் கூரைக்கு மேலே இருக்கிறது. குறுகிய படிகளில் ஏறி, குனிந்தபடியே படுக்கைக்குப் போக வேண்டும். போர்வைக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். வறண்ட காற்றில் தொண்டை காய்ந்துவிடும். விமானம் குலுங்கினால் விழிப்பு வந்துவிடும், கீழே யாராவது கழிவறைக் கதவை அடித்துச் சாத்தினாலும் வந்துவிடும். பதிவேட்டில் மட்டும் "மூன்று மணி நேர ஓய்வு" என்று ஏறிவிடும். அதில் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று எழுத அங்கே கட்டமே இல்லை.

ஒரு பயணத்தில் நாங்கள் மூவர் இருந்தோம். தரையிறக்குவது என் பொறுப்பு என்பதால் ஓய்வில் கடைசி முறை எனக்கு. அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. விமானத்தில் கூடுதல் விமானிகள் இருந்தால், தரையிறக்குபவருக்குப் பணிநேரத்தின் பின்பாதியில் தொடர்ந்து 2 மணி நேரமும், அப்போது அவரைக் கண்காணிக்கும் விமானிக்குத் தொடர்ந்து 90 நிமிடமும் ஓய்வு வாய்ப்பு கொடுக்க வேண்டும். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் வெளியே இரவாக இருந்தாலும் என் உடலுக்கு அது நடுப்பகல். கண்ணை மூடிக் கிடந்தேன், தூக்கம் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது கேப்டன், "எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். "அரை மணி இருக்கும் சார், அதுவும் விட்டு விட்டு" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது விமானியைக் காட்டி, "அப்படியானால் இவரே இருக்கையில் தொடரட்டும், நான் இறக்குகிறேன். நீங்கள் பின்னால் அமர்ந்து கவனியுங்கள்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை.

பலரும் "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு யாரானாலும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேப்டன் கேட்ட விதத்தில் பொய் சொல்ல இடமில்லை, உண்மையைச் சொன்னதற்காக எனக்கு எந்த இழுக்கும் வரவில்லை. இப்போது என்னுடன் பறப்பவர்களிடம் நானும் அப்படியே கேட்கிறேன்.

விமானப் பணிப்பெண் ஒருவர்:

எங்கள் விமானங்களில் இரண்டே விமானிகள், படுக்கை அறை கிடையாது. பல நாடுகளில் "கட்டுப்படுத்தப்பட்ட ஓய்வு" என்ற முறையை அனுமதிக்கிறார்கள். விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது ஒருவர் தன் இருக்கையிலேயே சிறிது நேரம் தூங்கலாம், மற்றவர் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இன்னும் அனுமதி இல்லை. எனக்கு இது வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் இந்தக் குட்டித் தூக்கத்தின் பயனை ஆராய்ந்து காட்டியதே அவர்களுடைய நாசாதான். 40 நிமிட வாய்ப்பில் விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அதன் பிறகு அவர்களுடைய விழிப்புநிலை தெளிவாக மேம்பட்டிருந்தது.

ஓர் இரவு கேப்டன் இன்டர்காமில் அழைத்து, துணை விமானி ஓய்வெடுக்கப் போவதாகவும் குறித்த இடைவெளியில் நான் தன்னை அழைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் அழைப்புக்கு உடனே பதில் வந்தது. அடுத்த அழைப்புக்கு மணி நெடுநேரம் அடித்தது. பிறகு வந்த குரல் இழுத்தது, நான் கேட்டதையே திரும்பக் கேட்டார். காபியுடன் உள்ளே போய், "கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாமா சார்?" என்றேன். "இருங்கள், தேவைதான்" என்றார். துணை விமானி எழுந்து தெளியும் வரை அங்கேயே நின்றேன். என் பணிக்குறிப்பில் இப்படி ஒரு வேலை இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 ஜனவரியில் இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாதிக் ஏர் விமானத்தை நினைத்துப் பாருங்கள். கேப்டன் துணை விமானியிடம் சொல்லிவிட்டுத் தூங்கினார், விழித்திருக்க வேண்டிய துணை விமானியும் தன்னை அறியாமல் உறங்கிவிட்டார். ஏறத்தாழ 28 நிமிடம் கட்டுப்பாட்டு மையத்துக்குப் பதிலே இல்லை. 153 பயணிகளும் உயிருடன் இறங்கினார்கள். அந்தத் துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள் இருந்தன. அவரைச் சோம்பேறி என்று ஏசியவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது.

ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர்:

தங்கை காபி கொண்டுபோனது மிகச் சரி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். எழுந்த உடனே இருக்கும் தூக்கக் கலக்கம், தூக்கத்தைவிட ஆபத்தானது. 2011 ஜனவரியில் டொராண்டோவிலிருந்து சூரிச் சென்ற ஏர் கனடா விமானத்தில், 40 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாத ஓய்வு 75 நிமிடம் நீண்டுவிட்டது. விழித்த துணை விமானி முதலில் வெள்ளிக் கோளை விமானம் என்று எண்ணினார். பிறகு, 1,000 அடி கீழே எதிர்த்திசையில் வந்த உண்மையான விமானம் தங்கள் மீது மோதப் போகிறது என்று நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார், அதாவது அந்த விமானம் இருந்த பக்கமே. கேப்டன் இழுத்து நிமிர்த்தினார். 14 பயணிகளும் 2 பணியாளர்களும் காயமடைந்தார்கள்.

மங்களூருவில் 2010 மே 22 அன்று நடந்த விமான விபத்தில் 158 பேரைப் பறிகொடுத்தோம். அந்தப் பயணத்தில் கேப்டன் நெடுநேரம் உறங்கியிருந்ததை விசாரணை அறிக்கை பதிவு செய்தது. துணை விமானி மீண்டும் மேலெழும்பச் சொல்லியும் அவர் இறங்கினார். அந்த அறிக்கையைப் படித்த பிறகு, என்னுடன் ஓய்வெடுத்து எழுந்த எவரையும் கால் மணி நேரத்துக்கு எந்தக் கருவியையும் தொட விட்டதில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்வேன், இப்போது எங்கே இருக்கிறோம் என்று எனக்கு விளக்கச் சொல்வேன். பதில் தடுமாறினால் இன்னும் சற்றுக் காத்திருப்போம்.

விமானி ஒருவரின் மனைவி:

என் கணவர் அடுத்தடுத்த இரவுப் பணிகளுக்குப் பிறகு ஒரு முறை "சோர்வு, பறக்க இயலாது" என்று எழுதிக் கொடுத்தார். விதி அதை அனுமதிக்கிறது. நிறுவனம் மறுக்கவும் இல்லை. ஆனால் மேலதிகாரி அழைத்து, வீட்டில் பகலில் ஏன் தூங்கவில்லை என்று விசாரித்தார். வாசலில் சாலை வேலை நடந்ததை இவர் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்தப் படிவத்தைத் தொடவே தயங்குகிறார். உங்களில் யாராவது அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? உங்களிடம் எப்படிப் பேசினார்கள்? இவரிடம் காட்ட வேண்டும், எழுதுங்கள்.