புதுப்பிப்பு: அக்காவின் பிள்ளைச் செலவுக் காசு (ஒன்ராறியோ, கனடா)

முந்தி இங்கே கேட்டிருந்தேன்: பிள்ளைகளுக்கு மாதாமாதம் காசு கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டும் அத்தான் நிறுத்திவிட்டார், அக்கா என்ன செய்யலாம் என்று. இப்போது காசு வரத் தொடங்கிவிட்டது.

"திரும்ப வழக்குப் போடுங்கோ" என்றீர்கள். தேவைப்படவில்லை. ஒன்ராறியோவில் இந்த உத்தரவுகள் தாமாகவே குடும்பப் பொறுப்பு அலுவலகத்துக்குப் (Family Responsibility Office, இந்தக் காசை வசூலித்துக் கொடுக்கும் அரசாங்க அலுவலகம்) போய்விடும். அக்காவுக்குக் கட்டணமும் இல்லை. அத்தான் வேலை மாறியிருந்தார். புது வேலைத்தலத்தின் விபரத்தை அக்கா கொடுத்தா. அலுவலகம் முதலாளிக்கு அறிவித்தல் அனுப்பியது, இப்போது சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்க முடியாது. பழைய நிலுவை மெதுவாகத்தான் தீரும்.

கைக்காசுக்கு வேலை செய்கிறவரை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேதான் சாரதி அனுமதிப்பத்திரம் வருகிறது. 30 நாள் அவகாசம் தந்து அறிவித்தல் வரும். அதற்குள் கட்டவோ ஓர் ஒழுங்குக்கு வரவோ இல்லையென்றால் லைசென்ஸை நிறுத்தலாம். கடவுச்சீட்டிலும் வரி மீளளிப்பிலும்கூடக் கைவைப்பார்கள். ஸ்காபரோவில் கார் இல்லாமல் இரவு வேலைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் பலம் விளங்கும்.

"பிள்ளைகளைப் பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை" என்ற அத்தானின் கதை அங்கே எடுபடாது. இரண்டும் வேறு வேறு விஷயம். ஆனால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. அவருக்குச் சம்பளம் கூடியிருக்குதாம். அதற்கு உத்தரவை மாற்ற வேண்டும், அக்கா இப்போது அந்தப் படிவங்களோடுதான் இருக்கிறா.