மார்கழியில் ஊர் வருகிறேன்: கொடுவாவுக்குத் தூண்டில் போடுவது பற்றி

ஆரையூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் மட்டக்களப்பில் உள்ள ஆரையம்பதியில் பிறந்த நான், பதினொரு ஆண்டுகளாக வேல்ஸ் நாட்டில், டவி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் வசித்து வருகிறேன். இங்கே வந்த பிறகுதான் கடல் ட்ரவுட் என்னும் மீனுக்குத் தூண்டில் போடப் பழகினேன். ஆற்றிலேயே வாழும் பழுப்பு ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம்தான். ஆனால் சில குஞ்சுகள் மட்டும் இரண்டு மூன்று வயதில் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்குப் போய், அங்கே தின்று கொழுத்து, முட்டையிடுவதற்காகத் திரும்பவும் ஆறேறி வருகின்றன. வேல்ஸ்காரர்கள் இதனைச் 'செவின்' என்று அழைக்கிறார்கள்.

ஆறேறிய பின்னர் அது பெரிதாக இரை எடுப்பதில்லை. பகலில் மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். ஆகவே கோடைக்கால இரவுகளில்தான் அதற்குத் தூண்டில் போடுவோம். எனக்குக் கற்றுத்தந்த முதியவர் முதல் நாள் சொன்னது, கரையில் உட்கார்ந்து இருட்டும் வரை காத்திரு என்பதுதான். வெளிச்சம் முற்றாக அடங்குமுன் தண்ணீரில் கால் வைத்தால் அந்த மடுவில் அன்றிரவு ஒன்றும் கிடைக்காது என்பார். பல இரவுகள் காத்திருந்து பார்த்ததில் அவர் சொன்னது சரிதான்.

மார்கழியில் மூன்று வாரம் ஊரில் நிற்பேன். சிறுவயதில் கல்லடிப் பாலத்தில் அப்பா கைத்தூண்டில் போட்டுக் கொடுவா பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்; நான் பிடித்ததில்லை. கொடுவாவும் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன் என்பதால், இங்கே பழகிய முறை அங்கும் பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன். இறகாலும் நூலாலும் கட்டிய போலி ஈக்களை வீசும் பத்தடித் தடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவருவதில் பயன் உண்டா? இரவில் போடுவது நல்லதா? எந்தப் பிறையில், எந்த இடத்தில் போடலாம்? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வந்து விழும் சிற்றாறுகளைப் பற்றி அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

நாவலடிக் காற்று எழுதியது:

வணக்கம் தம்பி. இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; மீனின் குணத்தைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தாலும், கடலோடு அது சேர்வது இரண்டே இடங்களில்தான்: ஒன்று வெளிச்சவீட்டுக்கு அருகே பாலமீன்மடுவில், மற்றது பெரியகல்லாற்றில். இந்த இரண்டு வாய்களும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை அல்ல. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கத் தொடங்கும்போது வாயை வெட்டி விடுவார்கள். மூன்று வாரத்தில் உங்களுக்கு மீன் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த வெட்டு எந்த நாளில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று. வீச்சு வலைக்காரர்கள் நிற்கும் இடத்தில் அவர்களுக்குக் குறுக்கே தூண்டில் வீசாதீர்கள். நாம் பொழுதுபோக்குக்குப் போகிறோம், அவர்களுக்கு அது அன்றைய உலை. சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், விலை உயர்ந்த போலி இரை வலையில் சிக்கிக்கொண்டது என்று வலைக்காரரோடு சண்டைக்குப் போய், கடைசியில் வலையைத் தைத்துக் கொடுக்கவும் காசு கட்டினார்.

தோணிக்காரன் மகன் எழுதியது:

ஆரையூரான் அண்ணன், உங்கள் கேள்வியின் அடியில் உள்ள எண்ணத்தை முதலில் திருத்த வேண்டும். கடல் ட்ரவுட்டும் கொடுவாவும் ஒரே வழியில் போய்வரும் மீன்கள் அல்ல. ஒன்று போகும் திசைக்கு நேர் எதிராக மற்றது போகிறது. உங்கள் செவின் நன்னீரில் முட்டையிட்டுக் கடலில் வளர்கிறது. கொடுவா உப்புநீரில் முட்டையிட்டு, வாவியிலும் ஆற்றிலும் வெள்ளம் நிற்கும் பள்ளங்களிலும் வளர்கிறது. நன்னீரிலேயே எத்தனை ஆண்டு கிடந்தாலும், உப்பு நீரைத் தொடாமல் அதன் முட்டை பொரிக்காது. ஆகையால் நீங்கள் அங்கே மீன் ஆறேறுவதைப் பார்த்துக் காத்திருப்பது போல, நாங்கள் இங்கே தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக் காத்திருக்கிறோம்.

அடுத்தது பசி. செவின் ஆற்றில் பட்டினி கிடக்கும் மீன். அதைச் சீண்டித்தான் கடிக்க வைக்க வேண்டும். கொடுவா அப்படியல்ல, இரைக்காகவே அது முகத்துவாரத்துக்கு வருகிறது. வாய் வெட்டப்பட்டதும் வாவித் தண்ணீரோடு இறாலும் மடவை மீனும் கடலை நோக்கி இழுபட்டுப் போகும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தக் கொடுவாவுக்கு விருப்பமில்லை. ஓட்டம் வேகமாகப் போகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கல்லின் பின்புறத்திலோ, பாலத்தின் தூண் நிழலிலோ, கண்ணா என்னும் அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு உள்ளேயோ ஒதுங்கி நின்று, முன்னால் இழுபட்டு வருவதை வாய் பிளந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலின் ஓசை, ஒரு வெறுங்குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் வருவது போல, டொப் என்று கேட்கும். இரவில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று காது கொடுத்துக் கேட்டு, அதற்கு ஓட்டத்தின் மேற்பக்கமாக இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) தள்ளி இரையை விட்டு, ஓட்டமே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி விட வேண்டும். என் அப்பா தோணியில் இருந்து அப்படித்தான் விடுவார். வீசுவதைவிட விடுவதுதான் அவருடைய வித்தை.

பிறையைக் கேட்டீர்கள். அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிக் கொடுவா முட்டையிடக் கூடுவது உண்மைதான். ஆனால் நமது கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வற்றும் பெருக்கும் பெரிதாக உள்ள அவுஸ்திரேலியாவின் வடகரையில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டுப் பஞ்சாங்கத்தோடு வாவிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு அதுவே காரணம். இங்கே தண்ணீரை ஓட வைப்பது மழையும் முகத்துவாரமும்தான். பிறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

தடியைப் பற்றி. பத்தடித் தடியை வீட்டிலேயே வையுங்கள். மார்கழியில் வாடைக் காற்று கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். எடையற்ற போலி ஈயை அதற்கு எதிரே வீச முடியாது. ஏழு அடியில் உறுதியான தடி ஒன்றும், முப்பது இறாத்தல் தாங்கும் பின்னல் நூலும், நூலின் முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு ஐம்பது இறாத்தல் தங்கூசி என்னும் நைலோன் இழையும் போதும். இந்தத் தடித்த தங்கூசியை மட்டும் மறக்க வேண்டாம். கொடுவாவின் வாயில் பெரிய பற்கள் இல்லை, உப்புத்தாள் போன்ற சொரசொரப்புத்தான் இருக்கிறது. ஆனால் அதன் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு. துள்ளித் தலையை உதறும்போது நூல் அதில் பட்டால் சத்தமே இல்லாமல் அறுந்துவிடும்.

நூல் மட்டுமல்ல. பதினேழு வயதில் நான் முதல் கொடுவாவைக் கரையேற்றிய உற்சாகத்தில், மடவையைத் தூக்குவது போலச் செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கினேன். மீன் ஒருமுறை நெளிந்தது. நடுவிரலின் உட்புறம் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் இரத்தம் வந்தது. அந்த விரல் இன்றும் முழுவதாக மடங்குவதில்லை. அத்தாங்கில் (கைவலையில்) ஏந்துங்கள், இல்லையென்றால் பெருவிரலைக் கீழ்த்தாடைக்குள் வைத்துப் பிடியுங்கள்.

ஆரையூரான் எழுதியது:

மிக்க நன்றி தம்பி. எதிர்த்திசை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், அப்பா ஏன் எப்போதும் பாலத்தின் கடற்பக்கத்தில் நின்று தூண்டில் விட்டார் என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு விளங்கியது. சிற்றாறுகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? மேலும், வேல்ஸில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தடியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகவே முடியாது. பெரிய மீன்களை விட்டுவிடும் வழக்கமும் இங்கே வளர்ந்து வருகிறது. கொடுவாவை அப்படி விடுவார்களா?

திருக்கோவில் வாத்தியார் எழுதியது:

தம்பி, அம்பாறைப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். சிற்றாறுகளை மார்கழியில் தேடாதீர்கள். அந்த மாதத்தில் வயலும் ஆறும் வாவியும் ஒரே தண்ணீராகக் கலங்கிக் கிடக்கும். மீன் எங்கும் பரவியிருக்கும், எங்கும் அகப்படாது. மழை ஓய்ந்து, வயல்களில் ஏறிய தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் சிற்றாறு வாவியில் விழும் வாயருகே போய்ப் பாருங்கள். தேயிலைச் சாயம் போன்ற ஆற்றுநீரும் வாவியின் பச்சை நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரு கோடு போட்டது போல நிற்கும். வயலில் வளர்ந்த சிறு மீன்களெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கொடுவா அந்தக் கோட்டின் பச்சைப் பக்கத்தில் நிற்கும். முகத்துவாரம் வெட்டிய கிழமையில்தான் மீன் என்று தோணிக்காரன் மகன் சொல்வது பாலமீன்மடுவுக்குச் சரியாக இருக்கலாம். கோமாரி, பொத்துவில் பக்கத்துச் சிறு களப்புகளில் (கடலோர வாவிகளில்) அந்த முதல் ஓட்டம் குப்பையும் சேறுமாகத்தான் வருகிறது. நான் அதற்குப் போவதில்லை.

இரவில் போவதென்றால் தனியாகப் போக வேண்டாம். கைவிளக்கை அடித்தால் கொடுவாவின் கண் தணல் போல மின்னும். ஆனால் மின்னுவதெல்லாம் கொடுவா அல்ல. எங்கள் களப்புகளில் முதலையும் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடும் வேல்ஸ் வழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெரிய மீனை விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே ஒரு மீற்றரைத் தாண்டிய மீனொன்று உங்கள் கையில் வந்தால் அது அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். இலட்சக்கணக்கில் முட்டை சுமக்கக்கூடியது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இங்கே பெரிய கொடுவாவை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. இருந்தாலும் நான் விடுகிறேன். இரண்டு மூன்று கிலோ மீன்தான் ஆணத்துக்கு (குழம்புக்கு) ருசி. பெரியதன் சதை சக்கையாக இருக்கும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் நம்புவது போல நடந்துகொள்கிறார்.

தோணிக்காரன் மகன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வதை ஏற்கிறேன். நான் வாவியின் பெரிய வாயை மட்டுமே அறிந்தவன். ஆரையூரான் அண்ணன், பயணச்சீட்டை மாற்ற முடியுமென்றால் தை நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். இரண்டு இடத்தையும் பார்க்கலாம். முடியாதென்றால் மார்கழியிலேயே வாருங்கள். வாய் வெட்டும் செய்தி வந்த அன்றே உங்களுக்கு எழுதுகிறேன். முதல் இரண்டு நாளை விட்டு மூன்றாம் நாள் மாலை போவோம். தங்கூசி, ஈயம் எல்லாம் இங்கே வாங்கலாம். நல்ல தூண்டில் முள் மட்டும் கிடைப்பதில்லை. வளைந்து கொடுக்காத தடித்த முள்ளில் ஒரு பெட்டி கொண்டுவாருங்கள். மடவைக் குஞ்சு பிடிக்கும் வலை என்னிடம் இருக்கிறது.